பழம் தாங்கும் நாளே விவசாயியின் பலம்

சித்திரை, வைகாசி மாதங்களில் மாங்காய் எல்லாத் தோப்புகளிலும் ஒரே சமயத்தில் முற்றி வருகிறது. புதுக்கோட்டை மாவட்டம் ஆவூர் போன்ற ஊர்களில் பத்து மரம் வைத்திருக்கும் சிறு விவசாயி, காயைப் பறித்துத் திருச்சி மண்டிக்குக் கொண்டுபோனால், அன்று சொல்லும் விலைக்கே கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. விலை படியவில்லை என்று வைத்திருந்தால் சில நாட்களில் பழுத்துக் குழைந்துவிடும். ஆகவே பழம் எத்தனை நாள் தாங்கும் என்பது விவசாயியின் பேரம் பேசும் பலத்தைப் பற்றிய கேள்வியாகும்.

காய் ஏன் மிருதுவாகிறது? செங்கற்களைச் சாந்து பிடித்திருப்பதுபோல், காயின் செல்களைப் பெக்டின் என்னும் பொருள் ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறது. முற்றிய காய் தன்னுள்ளேயே எத்திலீன் வாயுவை உண்டாக்குகிறது. அதன் தூண்டுதலால் சில மரபணுக்கள் செயல்படத் தொடங்கி, நொதிகள் உருவாகின்றன. சில நொதிகள் பெக்டினைக் கரைக்கின்றன. பாஸ்போலிப்பேஸ் டி என்னும் நொதி செல்லின் சவ்வைச் சிதைக்கிறது.

இதில் ஒரு நொதியை மட்டும் அடக்கிப் பார்த்தவர்களும் உண்டு. பெக்டினைக் கரைக்கும் நொதியை மரபணு மாற்றத்தால் குறைத்த தக்காளி, 1994-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆயினும் மிருதுவாவது நிற்கவில்லை. சில ஆண்டுகளில் அந்தத் தக்காளி சந்தையைவிட்டே போயிற்று.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி வேறு வழியில் சென்றது. தாவரங்களில் இயற்கையாகவே உண்டாகும் ஹெக்சனால் என்னும் பொருள், சவ்வைச் சிதைக்கும் நொதியை மட்டுப்படுத்துகிறது. அதைக் கரைசலாக்கி அறுவடைக்கு முன் மாமரங்களில் தெளித்தபோது, காய்களைக் கூடுதல் நாட்கள் மரத்திலேயே நிறுத்திவைக்க முடிந்தது. வரத்துக் குறையும்வரை காத்திருந்து விற்க இந்த நாட்கள் உதவும்.

இத்தகைய கரைசல் பெருந்தோப்புக்காரருக்கு மட்டும் எட்டினால் போதாது. பத்து மரத்துக்கு வேண்டிய சிறு அளவிலும் வேளாண்மை விரிவாக்க மையங்களில் கிடைக்க வேண்டும். தெளிக்கும் பக்குவத்தையும் அங்கேயே சொல்லித்தர வேண்டும்.

அவசர விலைக்கு ஆசைப்பட்டு இளங்காயைப் பறித்துக் கார்பைடு கல் வைப்பது தீர்வாகாது. தோல் மஞ்சளாகும், உள்ளே வெம்பிப் புளிக்கும். ஆர்சனிக் போன்ற நச்சுகளும் அந்தக் கல்லில் கலந்திருக்கும். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்திப் பழுக்கவைக்கவே அனுமதி உண்டு. அதற்கான அறையை ஒரு விவசாயி தனியாகக் கட்டுவது கடினம். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் பொதுவில் அமைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. சில காய்களைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவும். முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். அடிபடாமல் காம்போடு பறித்து நிழலில் வைக்கவும். பழுத்ததை உடனே பிரித்தெடுக்கவும். அது விடும் எத்திலீன் பக்கத்துக் காய்களையும் விரைவில் பழுக்கவைத்துவிடும். இப்படிக் கிடைக்கும் இரண்டொரு நாளும் மண்டியில் விவசாயியின் கையை வலுப்படுத்தும்.