நாற்பதாயிரம் கதிரையும் ஒரு கூரையும்

வைகாசியில் சோளகம் எழும்பினால் எங்கட தீவுகளில் பட்மின்ரன் முடிந்தது. அடிக்கிற ஷட்டில் வலைக்கு மேலால் போய்ப் பக்கத்து வளவுப் பனைக்குள் விழும். காற்று அடங்கிவிட்டது என்று ராக்கெட்டைத் தூசி தட்டி எடுத்தால் பின்னால் மாரி வந்து நிற்கும். இடையில் கிடைக்கிற சில கிழமைகளில், அதுவும் பொழுதுபடுகிற ஒரு மணித்தியாலத்தில் விளையாடித்தான் நாங்கள் பழகினோம். முதன்முறை யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு போட்டிக்குப் போய், நாலு பக்கமும் சுவர் உள்ள மண்டபத்தில் நின்றபோது எங்களில் ஒருத்தி சொன்னாள்: "இஞ்ச ஷட்டில் நாங்கள் அடிச்ச இடத்துக்கே போகுதடி." அன்றைக்கு முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினோம். காற்றைக் கணக்குப் பார்த்து அடித்துப் பழகின கைக்குக் காற்றில்லாத இடம் புதுசு.

இந்தக் கதையை இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவுக்கு வந்து, யாழ்ப்பாண சர்வதேச கிரிக்கெட் மைதானத்தின் கட்டுமான வேலையைத் தொடக்கி வைத்தார். 48 ஏக்கர் நிலம், 40,000 பேருக்கு இருக்கை என்றார்கள். தீவகத்துக்கு விடிவு வந்துவிட்டது என்று ஆளாளுக்கு வாழ்த்துப் போட்டார்கள். நாங்களும் சந்தோசப்பட்டோம், பொய் சொல்லவில்லை. பிறகுதான் கணக்குப் பார்த்தோம்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு ஆகிய மூன்று பிரதேச செயலகப் பிரிவுகளிலும் இருந்தவர்கள் எல்லாருமாக ஏறத்தாழ 30,000 பேர். கைக்குழந்தை முதல் பாயில் கிடக்கிற கிழவி வரைக்கும் ஒருத்தரையும் விடாமல் கொண்டுபோய் இருத்தினாலும் 10,000 கதிரை வெறுமையாகக் கிடக்கும். அப்படியானால் அது யாருக்காகக் கட்டுகிற மைதானம்? எங்கள் நிலத்தில் கட்டுகிறார்கள் என்பதற்காக அது எங்களுக்குக் கட்டுகிறது ஆகிவிடாது.

நாங்கள் சொல்ல வந்தது இதுதான்: தீவகத்துப் பிள்ளைகளுக்குத் தேவை 40,000 கதிரை இல்லை. ஒரு கூரை. விளையாடவும், பாடவும், நாடகம் போடவும், புயலடித்தால் ஒதுங்கவும் ஒரு பல்நோக்கு உள்ளரங்கு. அதுவும் கடைசிப் படகுக்கு முதல் வீட்டுக்குத் திரும்பக்கூடிய தூரத்தில்.

பெரிய மைதானங்களுக்கு இந்த நாட்டில் என்ன நடந்தது என்று தெரியாதவர்கள் சூரியவெவவைப் பார்க்கலாம். 2011 உலகக் கிண்ணத்துக்காக அம்பாந்தோட்டை மாவட்டத்தில் 35,000 பேருக்குக் கட்டிய மைதானம் அது. உலகக் கிண்ணம் முடிந்தபிறகு வருசத்தில் எத்தனை நாள் அங்கே ஆட்டம் நடந்தது? கலியாண வீட்டுக்கு வாடகைக்கு விடுகிற நிலைமைக்கு வந்தது. 2020இல் ஹோமாகமவில் இன்னொன்று, 60,000 பேருக்கு என்று அறிவித்தபோது மஹேல ஜயவர்தனவே இருக்கிற மைதானங்களிலேயே போதிய ஆட்டம் இல்லை என்று எதிர்த்தார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. தெற்கில் தேவையில்லை என்று விட்டது வடக்கில் மட்டும் ஏன் விடிவாகிறது? மண்டைதீவின் கண்டலும் சதுப்பும் களப்பும் என்ன ஆகும் என்று சூழலியலாளர்கள் கேட்கிற கேள்வி வேறு இருக்கிறது. இறாலும் மீன்குஞ்சும் வளர்கிற தண்ணீர் அது. பண்ணைக் கடலில் வீச்சுவலை போடுகிறவருக்குக் கிரிக்கெட் ஸ்கோர் சோறு போடாது.

சரி, கிரிக்கெட்டை விடுவோம். இசை நிகழ்ச்சிக்கு வருவோம். 2024 பெப்ரவரி 9 அன்று முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தது. சனம் கட்டுப்பாட்டை மீறி உள்ளே வந்தது, தடுப்புகள் உடைந்தன, நிகழ்ச்சி இடையில் நின்றது. அடுத்த நாள் எல்லாரும் எங்கட பெடியளைத்தான் திட்டினார்கள். பண்பாடு இல்லையாம். ஒருத்தரும் இடத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இந்திய மானியத்தில் கட்டி, 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்ட கலாசார மையத்தில் 600 பேர் இருக்கலாம். அது நல்ல மண்டபம்தான். ஆனால் கச்சேரிக்கும் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும் செய்த மண்டபம், கரப்பந்து விளையாட ஏலாது. அதைவிட்டால் வெட்டவெளி. இரண்டுக்கும் நடுவில், ஒழுங்கான வாசல்களும் வெளியேறும் வழிகளும் கொண்ட ஒரு இடைத்தர அரங்கு இல்லை. பழைய பூங்காவுக்குள் உள்ளக விளையாட்டரங்கு கட்டப் போகிறோம் என்றபோது மரங்களுக்காக எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்போடு நாங்களும் நிற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி: கட்டுகிறது என்றால் ஏன் எப்போதும் ரவுணுக்குள்ளேயே இடம் தேடுகிறீர்கள்?

ரவுணில் இருக்கிறவருக்கு 'பின்னேரம் ஆறு மணிக்குப் பயிற்சி' என்பது சாதாரண வசனம். நெடுந்தீவுப் பிள்ளைக்கு அது நடக்காத காரியம். குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். கடல் குழம்பினால் அதுவும் இல்லை. நயினாதீவுக்குத் தூரம் குறைவு, ஆனால் படகை விட்டால் விட்டதுதான். அனலைதீவு, எழுவைதீவுக்காரருக்கு ஊர்காவற்றுறைத் துறையில் அதே கதை. எங்களோடு வலைப்பந்து விளையாடின ஒரு பெட்டை, கையில் பந்து வந்தால் கூடைக்குள் போடாமல் விடமாட்டாள். மாகாணத் தெரிவுக்கான பயிற்சி ரவுணில், பின்னேரம். தங்கிப் போக இடமில்லை. வீட்டில் விடவும் இல்லை. அதோடு சரி. யாழ்ப்பாண மண்ணில் இருந்து போன தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் விளையாடினார் என்று மேடையில் பெருமை பேசுகிறோம். படகு நேரத்தால் நின்றுபோன தர்ஜினிகள் எத்தனை பேர் என்று ஒருத்தரும் எண்ணிப் பார்த்ததில்லை.

"அங்க கோயில் மண்டபம் இருக்குத்தானே, பள்ளிக்கூட மண்டபம் இருக்குத்தானே" என்பார்கள். கோயில் மண்டபம் என்றால் யார் உள்ளே போகலாம், பெண் பிள்ளைகள் எந்த உடுப்போடு போகலாம் என்று கேள்வி வரும். அதற்குள்ளே ஊர்ச் சண்டையும் சாதிக் கணக்கும் இருப்பதை நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. பள்ளிக்கூட மண்டபம் என்றால் பள்ளியை விட்ட அடுத்த நாளே நாங்கள் வெளியாள். எல்லாருக்கும் சொந்தமான, ஒருத்தருக்கும் தனிச் சொந்தமில்லாத நாலு சுவர் தீவகத்தில் எங்கே இருக்கிறது?

எங்களுக்கு வேண்டியதை அளவோடு சொல்கிறோம். ஒரு வலைப்பந்துத் தளம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். சுற்றிவர ஓட இடம் விட்டு, ஒரு தலைப்பில் மேடையும் வைத்தால் 40க்கு 22 மீற்றர் போதும். அதே தரையில் கரப்பந்துக்கும் பட்மின்ரனுக்கும் வேறு வேறு நிறத்தில் கோடு போடலாம். கூரை 9 மீற்றராவது உயர வேண்டும். கதிரைகள் அடுக்கி எடுக்கக்கூடியவை. விளையாடும்போது மூடவும், கூத்தோ கச்சேரியோ நடக்கும்போது திறக்கவும் கூடிய பெரிய சாளரங்கள். உப்புக்காற்று தின்னாத கூரைத்தகடு. வேலணையிலோ புங்குடுதீவிலோ இப்படி ஒன்று, கடல் கடந்த நெடுந்தீவில் இதைவிடச் சிறிதாக இன்னொன்று.

கூரை என்றால் தண்ணீரும்தான். 880 சதுர மீற்றர் கூரையில் வருசத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை விழுந்தால் பத்து இலட்சம் லீற்றருக்கு மேல். காற்பங்கு வீணாய்ப் போனாலும் மிச்சம் எட்டு இலட்சம் லீற்றர் நல்ல தண்ணீர். குடத்தோடு வரிசையில் நின்ற ஊர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். கூரையில் சூரியத் தகடும் போடலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான கலப்பு மின் திட்டத்துக்காக 2021இல் சீனாவும் இந்தியாவும் இழுபறிப்பட்டு, கடைசியில் 2022இல் இந்தியாவோடு உடன்படிக்கை வந்தது. எங்கட காற்றுக்கும் வெயிலுக்கும் வல்லரசுகள் போட்டி போடுகின்றன. நாங்கள் கேட்பது அந்தக் காற்று உள்ளே வராத ஒரு மண்டபம்.

"இருக்கிறதே கொஞ்சச் சனம், இதுக்கு மண்டபமா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சனம் ஏன் கொஞ்சம்? 1990களில் இடம்பெயர்ந்து போனவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களின் பிள்ளைகள் படிக்கவென்று ரவுணுக்குப் போய் அங்கேயே தங்குகிறார்கள். எழுதுகிற நாங்களும் இப்போது திருநெல்வேலியில் அறை எடுத்து இருக்கிறவர்கள்தான், மறைக்கவில்லை. ஆள் இல்லை என்று வசதி செய்யாமல் விட்டு, வசதி இல்லை என்று ஆள் போக, போனபிறகு "பார்த்தியா, ஆள் இல்லை" என்கிறது நியாயமில்லை.

2025 மே மாதம் தெரிவான வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு பிரதேச சபை உறுப்பினர்களே, முதலில் உங்களிடம் கேட்கிறோம். அடுத்த அமர்வில் இதை ஒரு பிரேரணையாகக் கொண்டு வாருங்கள். பராமரிப்புக் குழுவில் கட்சிக்காரரோடு விளையாடுகிற பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள், பெண் பிள்ளைகளுக்குப் பாதி. போட்டியோ நிகழ்ச்சியோ உள்ள இரவுகளில் ஒரு படகு கூடுதலாக ஓட வேண்டும். படகு இல்லாத அரங்கு எங்களுக்கு இன்னொரு மண்டைதீவு மைதானம்தான். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் இருக்கிற அண்ணாமார், அக்காமாருக்கும் ஒரு வார்த்தை: ஊர்க் கோபுரத்துக்கு நீங்கள் அனுப்பிய காசை நாங்கள் குறை சொல்லவில்லை. கோபுரம் உயர்ந்துவிட்டது. இனி அதன் நிழலில் வளர்கிற பிள்ளைக்கு ஒரு கூரை போட வாருங்கள்.

மண்டைதீவில் மைதானம் எழும்பினால் எழும்பட்டும். முதல் ஆட்டத்துக்கு நாங்களும் ரிக்கெற் எடுத்துப் போவோம், கத்துவோம். ஆட்டம் இரவு பத்து மணிக்கு முடியும். நெடுந்தீவுக்காரி மட்டும் பாதி ஆட்டத்தில் எழும்பிக் குறிகட்டுவானுக்கு பஸ் பிடிக்க ஓடுவாள்.