‘காணி கிடைக்கும்’ என்ற அனுமானம்

கடந்த ஒரு வருடமாக, வார இறுதிகளில் றக்வானையிலிருந்து கொழும்புக்குப் போய் வருகிறேன். செயற்றிட்ட முகாமைத்துவத்தில் பட்டப்பின் டிப்ளோமா படிக்கிறேன். விடிவதற்கு முன் பஸ் ஏறினால் பெல்மதுளை, இரத்தினபுரி ஊடாகக் காலை வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். வகுப்பில் பெரும்பாலானோர் பொறியியலாளர்களும் வங்கி உத்தியோகத்தர்களும். தோட்டத்து லயக் காம்பராவிலிருந்து வருபவள் நான் ஒருத்திதான்.

இரண்டாம் தவணையில் ‘தர்க்கச் சட்டகம்’ என்ற அட்டவணையைப் படிப்பித்தார்கள். 1969 இல் அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி முகவரகத்துக்காக உருவாக்கப்பட்ட அது, பின்னர் உலகமெங்கும் உதவித் திட்டங்களில் புழக்கத்துக்கு வந்தது. வன்னியில் வீடு, கிணறு, வாழ்வாதாரம் என்று எத்தனையோ திட்டங்களுக்குப் பெயர் கொடுத்த வாசகர்கள் இந்த அட்டவணையைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களுடைய பெயர்கள் இப்படியான அட்டவணைகளின் பின்னால்தான் ‘பயனாளிகள்’ என்று வருகின்றன. அதில் நான்கு பத்திகள் உண்டு. என்ன செய்யப் போகிறோம், அதை எப்படி அளப்போம், ஆதாரம் எங்கே என்பன முதல் மூன்று. நான்காவது, அனுமானங்கள். திட்டத்தின் கையில் இல்லாத, ஆனால் நடந்தேயாக வேண்டிய விடயங்களை அங்கே எழுத வேண்டும்.

ஒப்படைக்காக எங்கள் தோட்டத்துக்கு ஒரு வீடமைப்புத் திட்டம் எழுதினேன். செலவு, கால அட்டவணை, பொறுப்பாளர்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நான்காவது பத்தியில், “தோட்ட நிர்வாகம் காணியை விடுவிக்கும்” என்று ஒரு வரி. விரிவுரையாளர் அதன் கீழே கோடிட்டு, “விடுவிக்காவிட்டால்?” என்று எழுதியிருந்தார். நிறைவேறும் வாய்ப்புக் குறைந்த அனுமானத்தின் மீது திட்டம் நிற்குமானால், அதை மாற்றி வரைய வேண்டும் அல்லது கைவிட வேண்டும் என்பது பாடம்.

அந்தக் கேள்விக்கான பதில் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. 1977 ஓகஸ்ட் வன்முறைக்குப் பின்னர் என் பெரியம்மா இங்கிருந்து வவுனியாவுக்குப் போனார். அப்படிப் போன மலையகக் குடும்பங்கள் பலவற்றை அன்று காந்தீயம் அமைப்புக் குடியமர்த்தியது. பெரியம்மா பிறகு கிளிநொச்சிக்குப் போய், 2009 இல் எல்லாவற்றையும் இழந்து, மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பினார். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் அவருக்கு ஒரு வீடு கிடைத்தது. அதே ஒழுங்கையில், அவரைப் போலவே மலையகத்திலிருந்து போன இரண்டு குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரியம்மாவிடம் காணி அனுமதிப்பத்திரம் இருந்தது. அவர்களிடம் இருக்கவில்லை.

முகாமைத்துவக் கண்ணோட்டத்தில் அந்தத் திட்டம் நல்ல உதாரணம்தான். முதல் 1,000 வீடுகள் ஒப்பந்தக்காரர்களால் கட்டப்பட்டு 2012 இல் முடிந்தன. அதே ஆண்டு ஒக்டோபர் 2 இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா தவணைகளாக வங்கிக் கணக்கில் இடப்பட்டது. குடும்பமே முன்னின்று கட்டியது. அந்தப் பணம் போதாமல் கடன்பட்டவர்களின் கதை வேறு. ஆனாலும் கட்டும் முறையை மாற்ற முடிந்தது. காணிப் பத்திரம் இல்லாதவர்களின் நிலையைத்தான் அந்த மாற்றம் தொடவில்லை.

மலையகத்துக்கு வருவோம். மொத்தம் 50,000 வீடுகளில் தோட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டவை 4,000. அவையும் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு மட்டுமே. சப்ரகமுவ அதில் இல்லை. ஒரு திட்டத்தின் எல்லை முதல் பக்கத்திலேயே தீர்மானிக்கப்படுகிறது. பின்னர் எவ்வளவு திறமையாக வேலை செய்தாலும், எல்லைக்கு வெளியே இருப்பவர் வெளியேதான். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் நாங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு கூட்டமாகச் சிதறி வாழ்கிறோம். நுவரெலியாவைப் போல் எண்ணிக்கையைக் காட்டிப் பேச எங்களால் முடிவதில்லை.

மேலதிகமாக 10,000 வீடுகள் தருவதாக இந்தியப் பிரதமர் மோடி 2017 மே 12 இல் நோர்வூட்டில் அறிவித்தார். 45 தோட்டங்களில் 1,300 வீடுகளுடன் அந்தக் கட்டம் கொழும்பில் ஆரம்பித்து வைக்கப்பட்டது 2024 பெப்ரவரி 19 இல். அறிவிப்புக்கும் ஆரம்பத்துக்கும் இடையே 6 வருடங்களும் 9 மாதங்களும் போயின. கொரோனாவும் 2022 பொருளாதார நெருக்கடியும் குறுக்கே வந்தது உண்மை. ஆனால் அவற்றுக்கு முன்பும் பின்பும் இருக்கும் தடை ஒன்றுதான். காணி அரசுக்குரியது. 1992 முதல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் இருக்கிறது. சிறு துண்டு நிலத்தில் ஒரு கல் வைப்பதற்கு முன் கம்பனி இணங்க வேண்டும், காணி விடுவிக்கப்பட வேண்டும், மண்சரிவு ஆபத்து இல்லை என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ல வேண்டும், நில அளவை நடக்க வேண்டும். ஒன்று முடியாமல் மற்றது தொடங்காத வேலைகளின் மிக நீண்ட சங்கிலிதான் திட்டம் முடியும் நாளைத் தீர்மானிக்கும் என்பது எங்கள் பாடப்புத்தகம். தோட்ட வீடமைப்பில் அந்தச் சங்கிலியின் பெரும்பகுதி கடதாசியில் இருக்கிறது. மேசன் வேலை கடைசியில் வருவது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் ஏற்படுத்திய மண்சரிவுகளுக்குப் பின்னர், மீள்கட்டுமானம் பற்றிப் பேசப்படுகிறது. மீண்டும் திட்டங்கள் எழுதப்படும். மீண்டும் நான்காவது பத்தியில் “காணி கிடைக்கும்” என்று ஒரு வரி எழுதப்படுமானால், சொந்த வீடும் சொந்த நிலமும் இல்லாத லயத்துக் குடும்பம் மீண்டும் அதே சரிவுக்குத்தான் திரும்பும்.

செய்யக்கூடியவை இவை. காணி விடுவிப்பை அனுமானப் பத்தியிலிருந்து எடுத்து, காலக்கெடுவும் பொறுப்பாளரும் உள்ள முதலாவது வேலையாக வைக்க வேண்டும். வெற்றியைக் கட்டிய வீடுகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்காமல், குடும்பத்தின் பெயரில் பதிவான உறுதிகளின் எண்ணிக்கையாலும் அளக்க வேண்டும். மாவட்ட ஒதுக்கீடு தீர்மானிக்கப்படும் மேசையில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்ட மக்களும் இருக்க வேண்டும். வடக்கில் பத்திரமின்றி வாழும் மலையகக் குடும்பங்களும் இதே கோரிக்கையில் சேர்கிறார்கள். எங்கள் கதையின் மறுபாதி அவர்கள்.

ஒப்படையைத் திருத்தி எழுதினேன். முதலாவது வேலை, காணி. அதற்கு எத்தனை மாதம் போடலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். “அக்கா போனது எழுபத்தேழுல. அதுல இருந்து எண்ணிக்க” என்றார். நான் 12 மாதம் என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு மாதம் போனாலும் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதையும், பக்கத்துக் கட்டத்தில், பதவிப் பெயருடன் எழுதியிருக்கிறேன்.