மழைக்கு முந்தைய ஒத்திகை

அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழைக்கான அறிவிப்பு வந்துவிடும். டார்ச், உபரி பேட்டரி, ரேடியோ, குடிநீர், மருந்து, முக்கிய ஆவணங்கள் எல்லாம் தயாராக இருக்கட்டும் என்பார்கள். பட்டியலில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் என் காதில் விழுகிற கதை ஒன்றுதான். டார்ச் இருந்தது, பேட்டரி கசிந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பவர் பேங்க் இருந்தது, சார்ஜ் இல்லை. சான்றிதழ்களைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தோம், பீரோவின் கீழ்த்தட்டில். பொருள் இல்லாமல் தவித்தவர்களைவிட, இருந்தும் உதவாமல் போய்த் தவித்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மலையேறுகிறவர்களுக்கென்றும் பேரிடருக்கென்றும் கடைகளில் விற்கிற பொருளில் எதை வாங்கினாலும் பரணில் ஏற்றுவதில்லை. சமையலறையிலும் வண்டியிலும் அலுவலகப் பையிலும் புழங்கவிடுகிறேன். சாதாரண நாளில் கைக்கு வராத பொருள் புயல் இரவில் நினைவுக்கும் வராது. சில மாதம் புழங்கியும் வீட்டில் ஒட்டாத பொருளை, வேறு யாருக்குப் பயன்படுமோ அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஜப்பானியர்கள் இதை முறையாகவே யோசித்திருக்கிறார்கள். 1923 கான்டோ நிலநடுக்கத்தின் நினைவாகச் செப்டம்பர் 1-ஐப் பேரிடர் தடுப்பு நாளாக அனுசரிக்கிற நாடு அது. அவசரத்துக்கென்று தனி உணவு வாங்கிப் பூட்டிவைக்காமல், வழக்கமாகச் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பழையதைத் தின்று புதியதைச் சேர்த்துவைக்கும் பழக்கத்தை அங்கே அரசே சொல்லிக்கொடுக்கிறது. அன்றாடத்துக்கும் ஆபத்துக்கும் ஒரே பொருள் உதவவேண்டும் என்ற எண்ணத்துக்கு ‘ஃபேஸ் ஃப்ரீ’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கான புளியும் மிளகாயும் அரிசியும் வாங்கிவைத்து, பழையதை முதலில் எடுத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த யோசனை புதிதாக இருக்காது.

நான் சோதித்தவற்றில் முதலிடம் தலையில் மாட்டும் டார்ச்சுக்கு. மின்சாரம் போன வீட்டில் நமக்கு முதலில் வேண்டியது வெளிச்சம் அல்ல, இரண்டு கைகள். ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குழந்தையைத் தூக்க முடியாது, தண்ணீர்க் கேனைச் சாய்க்க முடியாது, ஊசியில் மருந்து ஏற்ற முடியாது. இதை நமக்குச் சொல்லித்தர இமயமலையேறிகள் தேவையில்லை. சத்தியமங்கலம் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கும் பெண்களும், குலசேகரத்துக்கருகே இருட்டோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் நெற்றியில் விளக்கோடுதான் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு அது அன்றாடக் கருவி. நகரத்து வீடுகளுக்குள் அது இன்னும் வரவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

எங்கள் வீட்டில் அது சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. கட்டிலுக்கடியில் உருண்டுபோன மாத்திரையைத் தேட, தண்ணீர்த் தொட்டியை எட்டிப்பார்க்க, கேஸ் சிலிண்டர் மாற்ற என்று வாரம் தவறாமல் இறங்கிவிடும். அம்மாவே, “அந்த நெத்தி லைட்டை எடும்மா, பரண்ல வெங்கலப் பானை எங்க இருக்குன்னு பாக்கணும்” என்று கேட்கிறார். வாங்கும்போது கடைக்காரர் 400 லூமென், 1,000 லூமென் என்று ஆசை காட்டுவார். வீட்டுக்குள் அவ்வளவு வெளிச்சம் எதிரே இருப்பவர் கண்ணைக் கூசவைப்பதைத் தவிர எதற்கும் உதவாது. படிக்க 10 லூமென் போதும், நடமாட 50 தாராளம். குறைந்த வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் எரியும் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. சிவப்பு வெளிச்சம் இருந்தால் நல்லது. இருட்டுக்குப் பழகிய கண்ணை அது கலைக்காது, தூங்குகிறவரையும் எழுப்பாது. யூ.எஸ்.பி.யில் சார்ஜ் ஏறுவதையும் சாதாரண பேட்டரி போடுவதையும் மாற்றி மாற்றிப் புழங்கிப் பார்த்தேன். என் ஓட்டு இரண்டாவதற்கு. நான்கு நாள் மின்சாரம் இல்லாவிட்டாலும் தெருமுனைக் கடையில் பேட்டரி கிடைக்கும். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்கிற நிக்கல் பேட்டரிகளில், சார்ஜ் மெதுவாக வடிகிற வகை இன்னும் மேல். மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் பெரும்பங்கு சார்ஜ் அவற்றில் தங்குகிறது, கசிவதும் அரிது.

பவர் பேங்க் பற்றி ஒரு கணக்கு எல்லோரும் தெரிந்துவைத்திருக்கவேண்டும். 20,000 எம்.ஏ.ஹெச். என்று பெரிதாக எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 74 வாட் ஹவர். அதை 5 வோல்ட்டாக உயர்த்தி வெளியே தரும்போது ஒரு பகுதி சூடாகப் போய்விடும். போனுக்குள் ஏறும்போது இன்னும் கொஞ்சம் போகும். 5,000 எம்.ஏ.ஹெச். போனை நான்கு முறை நிரப்பும் என்று நினைத்தால், நடப்பில் மூன்று முறைக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று 12,000-ஐ ஒட்டி ஒரு எண் இருக்கும், உண்மைக்கு நெருக்கமானது அதுதான். டவர் செயலிழந்த ஊரில் போன் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவைத்து, மணிக்கொரு முறை திறந்து பார்ப்பவருக்கு அதே சார்ஜ் பலமடங்கு நேரம் வரும். இதற்கு எந்தப் பொருளும் வாங்கவேண்டியதில்லை.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதன் பேட்டரி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று இன்றே பாருங்கள். பெரும்பாலான தரைத்தள வீடுகளில் அது மாடிப்படிக்குக் கீழே, தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருக்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீரில் முதலில் மூழ்குவது அதுதான். எலக்ட்ரீசியனை வைத்து ஒரு உயரமான இரும்பு ஸ்டாண்டில் ஏற்றுவதற்கு ஆகும் செலவு, இங்கே நான் சொல்கிற பல பொருட்களின் விலையைவிடக் குறைவு.

மழைக்கோட்டுக்கு வருகிறேன். மலையேற்றக் கடைகளில் ‘மூச்சுவிடும்’ துணி என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற சட்டைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் 1969-இல் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்து நீட்டியபோது பிறந்த படலம் இந்த வகைக்கு முன்னோடி. அதன் நுண்துளை வழியாக வியர்வையின் ஆவி வெளியேறும், மழைத்துளி உள்ளே வராது. அருமையான கண்டுபிடிப்பு, ஐயமில்லை. ஆனால் ஆவி வெளியேற உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்கவேண்டும். ஆல்ப்ஸ் மலையில் அப்படி இருக்கும். நவம்பர் மாதச் சென்னையில், வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக்கிடக்கும் நாளில், ஆவி எங்கே போகும்? அப்படி ஒன்றை மழை முழுக்க ஸ்கூட்டரில் போட்டுப் பார்த்தேன். உள்சட்டை வியர்வையில் நனைந்தது. பாரிமுனை நடைபாதையில் விற்கிற ரப்பர் பூச்சுக் கோட்டிலும் இதே அளவுதான் நனையும். நம் கடற்கரை ஊர்களுக்கு அந்தக் கோட்டே போதும், பளிச்சென்ற நிறத்தில் இருந்தால் போதும்.

இதே ஈரம்தான் இன்சுலின் விஷயத்திலும் குறுக்கே வந்து நிற்கிறது. இதைப் பற்றி எழுதவே இந்த வாரப் பத்தியைத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 வர்தா புயலிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2018-இல் கஜா புயல் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது டெல்டா கிராமங்களில் அது வாரக்கணக்காயிற்று. அந்த வீடுகளில் எத்தனையோ ஃப்ரிட்ஜ்களின் கதவுத்தட்டில் இன்சுலின் இருந்திருக்கும். என் அம்மாவும் போட்டுக்கொள்கிறார்.

தண்ணீர் ஆவியாகும்போது குளிர்கிறது என்ற மண்பானைத் தத்துவத்தில் இன்சுலினுக்கென்றே பைகள் வருகின்றன. தண்ணீரில் நனைத்தெடுத்தால் போதும், ஐஸ் வேண்டாம். பானைக்குள் பானை வைத்து நடுவே ஈரமணல் கொட்டுகிற முறையும் உண்டு. மே மாதத்து வேலூரில் இரண்டுமே நன்றாகக் குளிரும். புயல் நாளில் காற்றில் ஈரம் முட்டிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் ஆவியாவதே சிரமம். சின்னத் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து மழைநாளில் பார்த்தேன். வெளியிலிருந்த வெப்பத்துக்கும் பைக்குள் இருந்ததற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அலுவலகத்துக்கு மோர் எடுத்துப் போகிற வாயகன்ற ஸ்டீல் ஃபிளாஸ்க் நன்றாகவே கைகொடுத்தது. முதலில் ஃப்ரிட்ஜ் தண்ணீரை ஊற்றி உட்புறத்தைக் குளிரவைத்துக் கொட்டிவிட வேண்டும். பிறகு குளிர்ந்த நீர் நிரப்பிய சிறு பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, பக்கத்தில் மருந்துக் குப்பியை அதன் பெட்டியோடு நிறுத்தினேன். மறுநாள் காலையிலும் உள்ளே சில்லென்றிருந்தது. ஐஸ் மட்டும் நேரடியாகப் படக்கூடாது, உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. பயத்தைக் குறைக்கும் இன்னொரு செய்தியும் உண்டு. திறந்து பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினில் பெரும்பாலான வகைகளை 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். எந்த வகைக்கு எத்தனை நாள் என்று உள்ளே இருக்கும் தாளிலேயே போட்டிருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பே மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடிகட்டியில் கவனம் தேவை. உறிஞ்சு குழாய் போன்ற வடிகட்டியை வாயில் வைத்து ஓடைநீரைக் குடிக்கும் படத்தைப் பார்த்துப் பலர் வாங்குகிறார்கள். அதன் துளைகள் 0.1 அல்லது 0.2 மைக்ரான் அளவு. பாக்டீரியாவை நிறுத்தும், பெரும்பாலான வைரஸ்கள் அதைவிடச் சிறியவை. மலையோடையில் அது பெரிய கவலையில்லை. நம் வெள்ளமோ சாக்கடையும் சேர்ந்த வெள்ளம். மஞ்சள்காமாலை வைரஸ் அதில்தான் வருகிறது. சம்ப்புக்குள் தெருத்தண்ணீர் புகுந்துவிட்டால் கொதிக்கவைத்த தண்ணீரும் குளோரின் மாத்திரையும்தான் கதி. மாத்திரை போட்டு அரைமணி நேரம் காத்திருக்கவேண்டும். கலங்கல் தண்ணீரை முதலில் வேட்டித்துணியில் வடிகட்டித் தெளியவிடாவிட்டால் குளோரின் அழுக்கோடு சண்டையிட்டே தீர்ந்துவிடும். அந்த வாசனை உள்ள தண்ணீரைக் குழந்தைகள் துப்பிவிடுவார்கள். சாதாரண நாளிலேயே ஒரு முறை குடிக்கக் கொடுத்துப் பழக்கினால், வேண்டிய நாளில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. புயல் கூண்டு ஏற்றிய செய்தி வந்ததும் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பிவிடுவது இவை எல்லாவற்றையும்விட முக்கியம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை நல்ல முதலீடு. மூன்று மடிப்பாவது சுருட்டவேண்டும். மழைக்காலம் முழுக்க லேப்டாப் அதில்தான் போகிறது, புயல் வந்தால் பட்டாவும் ரேஷன் அட்டையும் அதே பையில் ஏறும். நெருப்புப் பொறி தட்டும் கம்பி நம் வீடுகளுக்கு வேண்டாம். நம் கேஸ் லைட்டர் பேட்டரியில்லாமல் அதே வேலையைச் செய்கிறது. பல கத்தி வைத்த மடக்குக் கருவி கையிலிருந்தால் மெட்ரோ சோதனையில் நிறுத்திவிடுவார்கள், அதனால் அது வீட்டோடு சரி. விசில் அவசியம் வேண்டும். உள்ளே குண்டு இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடா நாட்டுக் கூடைப்பந்து நடுவர், ஆட்டத்தின் நடுவே விசில் குண்டு சிக்கிக்கொண்ட அனுபவத்தால் உருவாக்கியது அது. நனைந்தாலும் ஒலிக்கும். தொண்டை வற்றிய பிறகும் ஊதலாம். என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. அதன் பக்கத்திலேயே 1070, 1077 என்ற பேரிடர் உதவி எண்களை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இத்தனையும் தனித்தனிப் பொருட்களின் சோதனை. உண்மையான சோதனை, குடியிருப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு ஒரு ஞாயிறு மாலை மெயினை அணைத்துப் பார்த்தபோது நடந்தது. ஆறு மணிக்கே வேறு கேள்விகள் கிளம்பிவிட்டன. ஜெனரேட்டர் லிஃப்ட்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும்தான் இணைந்திருக்கிறது, தண்ணீர் மோட்டாருக்கு இல்லை. கேட் மின்சாரத்தில்தான் திறக்கும், கையால் திறக்கும் சாவி யாரிடம் என்று காவலருக்குத் தெரியவில்லை. டீசலும் தீர்ந்தால், நான்காம் மாடியில் நடக்க முடியாமல் இருக்கும் பாட்டியை எப்படி இறக்குவது? என் ஆணியில் தொங்கும் எந்தப் பொருளும் இதற்கு விடை சொல்லவில்லை. மோட்டாருக்கு இணைப்பு கொடுக்கச் சங்கத்தில் ஒப்புக்கொண்டார்கள். சாவி இப்போது காவலர் அறையில்.

பாட்டியை இறக்கும் வேலைக்கு பிளாஸ்டிக் நாற்காலியோடு ஒருவரைத் தூக்கிப் பார்த்தார்கள் இளைஞர்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலிக் கால்கள் சுவரில் இடித்தன. ஷாமியானா தைக்கிறவரிடம் சொல்லி, கெட்டித் தார்ப்பாயில் பக்கத்துக்கு மூன்று கைப்பிடி வைத்து ஒரு தூக்குவிரிப்பு தைத்து வாங்கியிருக்கிறோம். ஓரங்களுக்கு லாரியில் சரக்குக் கட்டும் பட்டை நாடா, அடியில் இரட்டைத் துணி. போய்க் காட்டியபோது பாட்டி கைப்பிடிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். “மொதல்ல அரிசி மூட்டைய வச்சு எறக்கிப் பாருங்கம்மா. தையல் நின்னுச்சுன்னா அப்புறம் நான் வரேன்” என்றார். வரும் ஞாயிறு 25 கிலோ மூட்டைகள் இரண்டை நான்காம் மாடியிலிருந்து இறக்குகிறோம்.