பள்ளி முடிந்தால் பந்தும் முடிந்ததா?

கம்பம் பள்ளத்தாக்கில் பெண் பிள்ளைகள் விளையாடுவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் ஆடுகிறார்கள். ஓடுகிறார்கள். கோப்பையும் வாங்கி வருகிறார்கள். பிறகு பிளஸ் டூ முடிகிறது. பந்து எங்கே? பள்ளிக்கூடத்துப் பீரோவில்! பெண் எங்கே? வீட்டிலே!

பையனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊருக்கு ஊர் அவனுக்கு ஒரு கிளப் இருக்கிறது. பெண்ணுக்கும் ஒரு கிளப் வேண்டும்.

நடக்கிற காரியமா இது? பக்கத்து மதுரையில் நடந்தே இருக்கிறது.

அங்கே பெண்களுக்காக ஒரு கால்பந்து கிளப் உண்டு. பெயர் சேது எப்.சி. தொடங்கியவர் சீனி முகைதீன். இந்தியப் பெண்கள் லீக் போட்டி 2016-17ல்தான் பிறந்தது. 2019 மே மாதம் பஞ்சாபின் லூதியானா நகரில் இறுதி ஆட்டம். எதிரே மணிப்பூர் போலீஸ் அணி. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் புலி! அந்தப் புலியை மதுரை அணி 3-1 என்று வென்றது. பயிற்சி கொடுத்தவரும் ஒரு பெண்தான், அம்ருதா அரவிந்த்.

அதற்கு முந்திய ஆண்டு, 2018ல், தமிழ்நாட்டு மாநில அணியும் கட்டாக்கில் இதே மணிப்பூரை 2-1 என்று வென்று முதல் முறையாகத் தேசியப் பட்டம் வாங்கியது.

சேதுவுக்கு எப்போதும் வெற்றிதானா? இல்லை. 2022 மே மாதம் புவனேஸ்வரத்தில் கடைசி ஆட்டம். அதுவரை தோல்வியே காணாத அணி. முதல் கோலும் அதுதான் போட்டது. ஆனாலும் கோகுலம் கேரளா 3-1 என்று பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. சேதுவுக்கு இரண்டாம் இடம்.

"ஆடினால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் சேதுவில் ஆடியவர். இந்திய அணியிலும் ஆடினார். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார்! அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்போடு பந்தைக் கீழே வைத்த பெண் அதைக் கேட்க முடியுமா?

"காலில் அடிபட்டால் யார் கட்டிக்கொள்வார்கள்?" என்பது இன்னொரு கேள்வி. திராட்சைத் தோட்டத்திலும் ஏலக்காய் மலையிலும் நாளெல்லாம் நின்று வேலை செய்கிற பெண்ணைப் பார்த்து இதை யாரும் கேட்பதில்லை!

மதுரைக்கே அனுப்பலாமே என்றால், 2022ல் தேனிக்கும் 2023ல் போடிக்கும் அகல ரயில் வந்துவிட்டது. ஆனால் தினம் மாலை ஆடிவிட்டு எழுபது, எண்பது மைல் போய்த் திரும்ப எந்தப் பெண்ணால் முடியும்? கிளப் உள்ளூரில்தான் வேண்டும்.

தேனி மாவட்டத்துக்குக் கிளப் நடத்தத் தெரியாதா என்ன? பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைதோறும் ஆடவருக்கு அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. பெரிய பெரிய அணிகள் அந்தச் சிறிய ஊருக்கு வந்து ஆடுகின்றன. ஊரார் கூடி உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

பெண்கள் கிளப்புக்கு அவ்வளவு செலவு கூட வேண்டாம். கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒரு பள்ளி மைதானம். அதை மாலையில் இரண்டு மணி நேரம் திறந்துவிட ஒரு தலைமை ஆசிரியர். ஒரு பெண் பயிற்சியாளர். ஆட்டம் முடிந்ததும் இருட்டுமுன் வீடு கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வேன்.