மரம் சாயும் முன்னே நாற்று



மாற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. காலைப் பிரட்டில் கிராணியார் வழக்கத்துக்கு மாறாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அன்று மாலை வரை லயம் முழுவதும் அதே பேச்சுத்தான். தோட்டத்தை விற்கப் போகிறார்களாம், பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை போடப் போகிறார்களாம், வீட்டுமனை வரப் போகிறதாம். பாதி வதந்தி, பாதி உண்மை.

ஆனால் மாற்றத்தைப் பற்றி நமக்குப் பாடம் சொல்ல வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. நம் தாய்மார்களும் தந்தைமார்களும் விடிவதற்கு முன்பே விளக்கைக் கட்டிக்கொண்டு போய் நிற்கும் பால்மரமே பெரிய வாத்தியார்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரம் இலையை உதிர்க்கிறது. நிரை முழுவதும் சருகு. மங்கில் பால் குறைகிறது, கையில் கூலியும் குறைகிறது. அதற்காக மரம் செத்துவிட்டது என்று யாராவது ஒப்பாரி வைக்கிறோமா? இல்லை. சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள். இந்த மரம் நம் நாட்டு மரமன்று. அமேசான் காட்டில் பிறந்தது. 1877ஆம் ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்கு 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி என்பவர்தான், மரத்தைக் கோடரியால் கொத்தாமல் பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டை மறுபடி மறுபடி திறந்து பால் எடுக்கும் முறையை வகுத்துக் கொடுத்தார். பட்டையை மட்டும் சீவினால் அந்த இடத்தில் புதுப்பட்டை வளரும். உளி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்தக் காயம் முடிச்சாகி நின்றுவிடும். மனிதரும் அப்படித்தான். சிறுகச் சிறுக வரும் இழப்பு ஆறிவிடுகிறது. ஒரே நாளில் ஆழமாக விழும் வெட்டு ஆறுவதில்லை.

அண்மையில் என் மாணவி ஒருத்தியின் தாயார், பால்வெட்டுத் தொழிலாளி, பள்ளிக்கு வந்தார்.

"டீச்சர், எங்க நிரைய சாய்க்கப் போறாங்களாம். இருவது வருசமா நான் வெட்டுன மரம். எந்த மரம் எவ்வளவு பால் குடுக்கும்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இனி நான் எங்க போவேன்?"

"நாற்றுமேடை போட்டுட்டாங்களா அம்மா?" என்று கேட்டேன்.

"அது போட்டு ஒரு வருசம் ஆகுது டீச்சர்."

நான் சொல்ல வந்தது அந்தப் பதிலிலேயே இருந்தது. ஒரு பால்மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டு வரை பலன் தரும். பிறகு சாய்த்து மறுநடவு செய்வார்கள். ஆனால் விவரம் தெரிந்த எந்தத் தோட்டமும் மரத்தைச் சாய்த்த பிறகு நாற்றைத் தேடி அலைவதில்லை. பழைய மரம் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே புதிய நாற்று வளர்ந்துகொண்டிருக்கும். இலை தானாகத் துளிர்க்கும். நாற்றோ தானாக வராது, யாராவது முன்கூட்டியே போட வேண்டும். தோட்டம் தன் மரத்துக்குச் செய்துகொள்ளும் இந்த ஏற்பாட்டை நாம் நம் குடும்பத்துக்குச் செய்திருக்கிறோமா?

சிங்கப்பூரில் நம்மவர் இதை வாழ்ந்தே பார்த்திருக்கிறார்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தேக்கா தெரியும். அங்கே பஃபலோ ரோடு இருக்கிறது, எருமை இல்லை. ரேஸ் கோர்ஸ் ரோடு இருக்கிறது, குதிரை இல்லை. ஒரு காலத்தில் அந்த வட்டாரம் முழுவதும் மாட்டுப் பட்டிகள். 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாய் மொழியில் எருமைப் பட்டி. அந்தப் பெயர்தான் இன்றும் கே.கே. மருத்துவமனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகரம் நெருக்கிக்கொண்டு வர, 1930களில் மாட்டுத் தொழில் ஓய்ந்தது. குதிரைப் பந்தயமும் 1933இல் புக்கித் தீமாவுக்கும் பின்னர் கிராஞ்சிக்கும் போய், 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசி ஓட்டத்தோடு நின்றே போனது.

மாடு போனதால் தேக்கா பாழாகிவிட்டதா? மளிகைக் கடையும், பூமாலைக் கடையும், துணிக்கடையும், நகைக்கடையும் வளர்ந்தன. பழைய சந்தை போய் 1982இல் புதிய கட்டடம் வந்தது. அதற்குச் சீன உச்சரிப்பில் 'சூஜியாவ்' என்று பெயர் வைத்தார்கள். மக்கள் வாயிலோ தேக்கா, தேக்காவாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டில் பழைய பெயரே திரும்பி வந்தது. கட்டடம் மாறலாம். நாவில் புழங்கும் பெயர் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை.

நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது செம்பவாங் கடற்படைத் தளத்தின் கதை. ஆயிரக்கணக்கான தமிழரும் மலையாளிகளும் அங்கே வேலை பார்த்தார்கள். பலருக்கு வேலையோடு குடியிருப்பும் தளத்துக்குள்ளேயே இருந்தது. வேலை போனால் வீடும் போகும். நம் லயத்துக் கணக்குத்தான். 1968 ஜனவரியில் பிரிட்டன், 1971 முடிவதற்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. கண்ணீரும் கலக்கமும் இருக்கத்தான் செய்தன. குடியுரிமை இல்லாத பலர் ஊர் திரும்ப நேர்ந்தது. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கிடைத்த அந்த நான்கு ஆண்டு அவகாசத்தில் தளத்தின் பட்டறைகள் வணிகக் கப்பல் பட்டறையாக மாறின. வேலை இழக்கவிருந்தவர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுத்தார்கள். பழைய மரம் சாயும் முன்பே நாற்று போட்டார்கள்.

அந்தத் தளத்துத் தொழிலாளர்கள் ஒரு மரத்தடியில் வணங்கத் தொடங்கிய முருகன், புனிதமரம் பாலசுப்பிரமணியராகப் பின்னர் ஈசூனுக்கு இடம்பெயர்ந்தார். இன்றும் அங்கே பங்குனி உத்திரம் சிறப்பாக நடக்கிறது. சாமியே இடம் மாறியிருக்கிறது அன்பர்களே. ஆனால் பக்தர்கள் கூட்டிக்கொண்டு போனதால்தான் மாறியது.

இழந்தது திரும்பாத கதையும் உண்டு. சிங்கப்பூரின் கடைசித் தமிழ் உயர்நிலைப் பள்ளியான உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1946இல் கடையநல்லூர்க்காரர்கள் தொடங்கி வைத்த பள்ளி அது. தமிழாசிரியையான எனக்கு அது நெஞ்சில் முள்தான். இன்று உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் என்று அந்தப் பெயரைத் தாங்கி ஒரு நிலையம் நடக்கிறது. பிள்ளைகள் மற்றப் பாடங்களை ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறார்கள். மொழிக்குப் பள்ளி ஒரு பாதி, வீடு மறுபாதி. பள்ளிக்கூடத்தை அரசு மாற்றலாம். அடுப்படியில் பேசும் தமிழை நாம் விட்டால்தான் போகும்.

மாற்றத்தை ஏற்றுக்கொள் என்று உபதேசம் செய்வது எளிது. முப்பது வருடம் உழைத்தவர் தலைக்குமேல் கூரையில்லாமல் வெளியேறும்போது அந்த உபதேசம் கசக்கும். ஆகவே நான் உபதேசம் செய்யவில்லை. நாற்றுமேடைக்கு மூன்று காரியம் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வீடு. லயத்து வீடு நம் வீடன்று. ஊழியர் சேமநிதியில் வீடு வாங்குவதற்கென்று பணம் எடுக்க வழி இருக்கிறது. ஓய்வு பெறும் வயது வரை காத்திராமல் இப்போதே அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

இரண்டாவது, கைத்தொழில். ஜோகூர் பாலத்தைத் தாண்டி அன்றாடம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். வெல்டிங், மின்கம்பி வேலை, இயந்திரப் பழுது என்று சான்றிதழோடு போகிறவனுக்கும் வெறுங்கையோடு போகிறவனுக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்வார்கள்.

மூன்றாவது, கோயிலும் பள்ளியும். கோயில் நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது? நிர்வாகக் குழு பதிவு பெற்றதா? தோட்டம் கைமாறும்போது பேசக் கையில் தாள் வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைப் பேசுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாய்ந்த மரத்துக்காக வருந்துவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பாட்டிகள் அழட்டும், தாத்தாக்கள் பழைய கதை சொல்லட்டும். எருமை போன பிறகும் பெயரைத் தேக்கா விடவில்லை. நம் தோட்டத்தின் பெயரும் பேரப்பிள்ளைகளின் வாயில் இருக்கட்டும். ஆனால் அழுத கண்ணைத் துடைத்துவிட்டு, இந்த மாதச் சம்பளத்தில் ஒரு பத்து வெள்ளியாவது நாற்றுக்கு ஒதுக்கி வையுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.