நாணத்தால் மறைக்கும் நோவு

கொக்கிளாயிலே முதுமைக்குரிய இல்லம் பெரும்பாலும் மகளின் வீடேயாகும். 1984 இல் ஊரைவிட்டு வெளியேறி, 2009 இல் போர் ஓய்ந்து சில ஆண்டுகளின் பின் திரும்பிய குடும்பங்களில், அன்றைய இளந்தாய்மார் இன்று பாட்டிமார். அவர்களிற் சிலருக்குச் சிறுநீரை அடக்க இயல்வதில்லை. வெளியிற் கூற நாணும் செய்தியாதலின், தாயும் மகளுமே அதனைத் தனித்துச் சுமக்கின்றனர்.

இதனை நாள்தோறும் கையாள்வோர் முதியோர் இல்லங்களின் பராமரிப்பாளர். மேலைநாடுகளில் அவர்களை வினவிய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் எழும் முறைப்பாடு ஒன்றே: கைகளும் போதா, நேரமும் போதாது. ஒருவரைத் தூக்கி அழைத்துச் செல்வதற்குள் மற்றொருவர் நனைந்துவிடுகிறார். ஆகவே எல்லாருக்கும் 'பம்பேர்ஸ்' கட்டிவிடுவது வழக்கமாகிறது. அதனைக் குற்றமென்று கூற யான் துணியேன். ஆயினும் நடக்கக்கூடியவருக்கும் அதனையே கட்டினால், எழுந்து செல்லும் பழக்கம் அற்றுப்போகும். ஈரத்தில் தோலும் கெடும். இங்கிலாந்திலே டொரீன் நோர்ட்டன் என்னும் தாதியும் உடனாய்வாளரும் 1962 இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கைப்புண் வரக்கூடியவரை முன்னறிய வகுத்த ஐந்து குறிகளுள் இவ்வடக்கமின்மையும் ஒன்று.

1980களில் அமெரிக்க இல்லங்களில் எளிய முறையொன்று ஆராயப்பட்டது. இரண்டு மணிக்கொருமுறை முதியவரிடம் சென்று, "போகவேண்டுமா?" என வினவி, விரும்பின் அழைத்துச் சென்று, உலர்ந்திருப்பின் பாராட்டுவது, அவ்வளவே. எல்லாருக்கும் அது பயன்படவில்லை. ஒரு பகுதியினர்க்கு நன்கு பயன்பட்டது. ஆய்வாளர் சென்றபின் அதனைத் தொடர்வதுதான் அரிதாயிற்று. காரணம் முன்னர் கூறிய ஆட்பற்றாக்குறையே.

வீட்டிலோ பார்க்கவேண்டியவர் ஒருவரே. எனினும் வேறு இடர்கள் உள. நனையுமென்று அஞ்சி முதியோர் நீர் அருந்துவதைக் குறைப்பர். வன்னி வெயிலிலே இது பெருந்தீங்கு. செறிந்த சிறுநீர் பையை உறுத்தும், மலம் இறுகும், இறுகிய மலம் பையை அழுத்த, அடக்கம் மேலும் தளரும். திடீரெனத் தொடங்கிய அடக்கமின்மைக்குக் கிருமித்தொற்றோ, நீரிழிவோ, புதிதாய் உட்கொள்ளும் மருந்தோ காரணமாகலாம். முதுமையென்று விட்டுவிடாது வைத்தியரிடம் கூறவேண்டும்.

மற்றொன்று தூரம். வளவின் மூலையிலே மலசலகூடம், இடையிலே மணல், இரவிலே இருள், முழங்காலிலே வாதம்! பை நன்றாயிருப்பினும் கால் சென்று சேர்வதில்லை. இருக்கையில் துளையிட்ட உறுதியான கதிரையொன்றையும் அதன் கீழே ஒரு வாளியையும் படுக்கையருகே வைத்தால் இரவுத் துன்பம் பெரிதும் குறையும். ஊர்த் தச்சனே அதனைச் செய்து தருவான். காலையில் அவ்வாளியைக் கழுவும் வேலையை மகனும் பேரனும் முறைவைத்துச் செய்யலாம்.