சுகர் பார்க்க வர்றவங்க ஈறையும் கேட்கணும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சொந்தங்களே, குறிப்பா திருவண்ணாமலைக்காரங்களே (தீபத் திருவண்ணாமலை இல்ல, நம்ம சீனிவாசப் பெருமாள் மலை), ஒரு கேள்வி.

பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?

வந்தா "பிரஷ் குத்திருச்சு"ன்னு விட்டுடுறோம். பல் ஆடினா "வயசாச்சு"ங்கிறோம். சுகர் இருக்கிறவங்களுக்கு இது ரெண்டுமே சாதாரண விஷயம் இல்லை.

சர்க்கரை கூடவே இருந்தால் ஈறுக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெடும், கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் மந்தமாகும். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரையும். கண், கிட்னி, நரம்பு பாதிப்பு வரிசையில் ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று ஹெரால்ட் லோ 1993லேயே எழுதிட்டார்.

பலருக்கும் தெரியாதது இதோட மறுபக்கம். ஈறு அழற்சியிலிருந்து கிளம்பும் வேதிப்பொருட்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. மாத்திரை கூட்டியும் சுகர் இறங்கலேன்னா வாயையும் ஒரு தடவை பார்க்கணும். 2022இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஈறுக்கு முறையா சிகிச்சை கொடுத்தா 3-4 மாசத்தில் ஹெச்பிஏ1சி சராசரியா 0.43 புள்ளி குறையுதுன்னு சொல்லுது. 8.4 இருந்தது 8 ஆகும், அவ்வளவுதான். இதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி தமிழ்நாட்டுப் பெரியவங்கள்ல 14.4% பேருக்குச் சர்க்கரை நோய். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கிறாங்க, மாத்திரை தர்றாங்க. நல்ல திட்டம். வர்ற அக்கா "ஈறுல ரத்தம் வருதா, பல் ஆடுதா?"ன்னும் கேட்டு, ஆமான்னா பல் டாக்டர்கிட்ட அனுப்பணும்ங்கிறது என் கருத்து. இதுக்குக் கருவி வேண்டாம். சுகர்காரங்க காலைப் பார்க்கணும்னு எல்லாருக்கும் பழக்கிட்டோம், வாயை மட்டும் வேற டிபார்ட்மென்ட்னு ஒதுக்கி வெச்சிருக்கோம்.

பல் போனவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு பாருங்க. காய், சுண்டல் எல்லாம் போய் குழைஞ்ச சோறு, கஞ்சி, டீயில நனைச்ச பன்னு. சுகர் எங்க இறங்கும்? (பால்கோவாவுக்குப் பல்லே தேவையில்லை, அது வேற கதை.)

"கிளீன் பண்ணா பல் ஆடும்"னு பயப்படாதீங்க. பல் ஏற்கெனவே ஆடிட்டுதான் இருந்தது, காறை பிடிச்சிருந்ததால தெரியலை.

பீடி, சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு அதிகம் ரத்தம் வராமலேயே ஈறு கெடும். அவங்க ரத்தத்துக்காகக் காத்திருக்கவே கூடாது.

போகும்போது சுகர் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு ரெண்டும் கையில இருக்கட்டும். காலைல சாப்பிட்டு, வழக்கமான மாத்திரை போட்டுட்டே போங்க. மாத்திரையைப் போட்டுட்டு வெறும் வயித்தோட போனா பல் நாற்காலியிலேயே சுகர் இறங்கி மயக்கம் வரும்.